தண்ணீரில் ஒரு வண்டி வேடிக்கை
வாசகர் கேள்வி – பதில்

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த படகு ஊர்வலத்தைப் பற்றிப் போன இதழில் நாலே வரி எழுதியிருந்தேன். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தப் படகுகளை அலங்கரித்து வரிசையாக ஓட்டி வந்த கதை. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் நாம், அதனால்தான் போலிருக்கிறது. இந்த முறை பக்கம் முழுவதும் படகுக்கே.

கேள்வி: அக்கா, என் மகன் பாஸ்டன் பக்கம் வேலையில் இருக்கிறான். வருகிற ஜூலையில் எங்களை அழைக்கிறான். நீங்கள் எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன், 'நாமும் போகலாம்மா' என்கிறான். ஏற்காட்டுக்குப் போனாலே மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு வாந்தி வந்துவிடும். படகில் ஏறித்தான் பார்க்க வேண்டுமா? அப்படி அதில் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: படகில் ஏறவே வேண்டாம். படகில் இருப்பவர்களுக்கு முன்னால் போகிற படகின் பின்புறம் மட்டும்தான் தெரியும், முழு ஊர்வலமும் கரையில் நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கும். அம்மாப்பேட்டைக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆடியில் உங்கள் பக்கத்திலும் குகைப் பகுதியிலும் வண்டி வேடிக்கை நடக்கிறதே, சாமி வேஷம் போட்டவர்களை ஜோடித்த வண்டியில் உட்கார வைத்துக் கோயிலைச் சுற்றி வருவார்களே, அந்த வண்டிகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதேதான். ஓட்டுகிறவரும் வேஷம் போட்டவரும் பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதால்தானே நமக்கு அங்கே அவ்வளவு சந்தோஷம்? அங்கேயும் கரையில் நிற்பவர்கள் படகில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

என் கண்ணிலேயே நிற்பது ஒரு பழைய படகு. சிங்கி இறால் பிடிக்கிற தொழில் படகு, வெள்ளைப் பெயின்ட் ஓரமெல்லாம் உரிந்திருந்தது. இறால் பிடிக்கும் கம்பிக்கூடுகளைப் பின்பக்கம் படிப்படியாக, நாம் கொலுப்படி அடுக்குகிற மாதிரி அடுக்கி, மேலே சிவப்பு, வெள்ளை, நீலத் துணியைச் சுற்றியிருந்தார்கள். ஓட்டி வந்த பெரியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. தினமும் போடுகிற ரப்பர் பூட்ஸ்தான் காலில், சட்டை மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. முன்னால் அவருடைய பேத்தி, ஆறேழு வயசிருக்கும், அட்டையில் வெட்டிய கிரீடத்தோடு சுதந்திர தேவி வேஷத்தில் நின்றாள். காற்றில் கிரீடம் பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் தீபத்துக்குப் பதிலாக டார்ச் லைட். எங்களைக் கடந்து போகும்போது தாத்தா ஹாரனை நீளமாக அடித்தார், அந்தக் குழந்தை டார்ச்சை எங்கள் பக்கம் திருப்பி அணைத்து அணைத்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, எங்கே நிற்பது என்று சொல்கிறேன், இதில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். முதல் வருஷம் பாறைகள் அழகாக இருக்கிறதே என்று துறைமுகத்தின் வாய்ப் பக்கம் போய் நின்றோம். படகுகள் அந்த இடத்துக்கு வரும்போது வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் வேகமெடுத்துவிட்டன, ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துபோனது. அடுத்த முறை, படகுகள் சுற்றித் திரும்புகிற உள்முனைக்குப் போனோம். நம்மூரில் தேர் முக்கு திரும்புகிற இடத்தில்தானே கூட்டம் அம்மும், அந்தக் கணக்குதான் இங்கேயும். திரும்பும்போது படகு ஏறக்குறைய நின்று நின்று போகும், முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும் தெரியும், ஆட்களின் முகமும் தெரியும். அதனால் மகனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'படகுகள் எங்கே திரும்புகின்றன?' என்பது.

இரண்டாவது கேள்வி, தண்ணீர் எப்போது ஏறும் என்பது. நமக்குத் தண்ணீர் மட்டம் என்றால் மேட்டூர் அணைதான், நாள் கணக்கில் ஏறும், இறங்கும். பாஸ்டன் பக்கத்துக் கடலில் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, அதுவும் சராசரியாக 9 அடிக்கு மேல். சென்னைக் கடலில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அங்கே தண்ணீர் இறங்கிய நேரத்தில் போனால் காலையில் படகு மிதந்த இடத்தில் சேறும் பாசியும்தான் கிடக்கும். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும், அதனால் போன வருஷம் போனவர் சொல்லும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மடக்கு நாற்காலி கட்டாயம் வேண்டும். அங்கே காலையிலேயே ஆளில்லாத நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், பழைய பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான், ஒருவரும் நகர்த்துவதில்லை. ஜூலை வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிடாதீர்கள், கடல் காற்று சாயங்காலம் நம் ஏற்காட்டு டிசம்பர் மாதிரி உறைக்கும். தட்டுவடை தாராளமாகக் கொண்டு போகலாம். மாம்பழம் மட்டும் வேண்டாம், பழங்களை அங்கே விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பேரனுக்கென்று ஆசையாகக் கொண்டு போனதைக் குப்பைத் தொட்டியில் போடும்போது மனசு கேட்காது.

கேள்வி: சுதந்திர தினம் என்றால் கொடியேற்றம், அணிவகுப்பு சரி. படகுக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? கேளிக்கைக்கு ஒரு சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

பதில்: ஐயா, கேளிக்கை என்பது உண்மை, ஆனால் அது இன்று நேற்று வந்ததல்ல, அந்த நாட்டின் பிறப்போடு வந்தது. 1776 ஜூலை 3-ஆம் தேதி, பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த நாளை வருங்காலத் தலைமுறைகள் ஊர்வலம், விளையாட்டு, பீரங்கி, மணியோசை, சொக்கப்பனை, விளக்கு அலங்காரம் எல்லாம் வைத்துக் கொண்டாட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவர் மனதில் இருந்தது ஜூலை 2, விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய நாள். ஊர் பிடித்துக்கொண்டது சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட 4-ஆம் தேதியை. அதே ஆடம்ஸ் சரியாக 50 வருஷம் கழித்து, 1826 ஜூலை 4 அன்றே காலமானார்.

படகு ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் கரையோர ஊர்களுக்குப் பெரிய தெருவே துறைமுகம்தான். பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பர் 16 இரவு பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதிலிருந்து அவர்கள் சண்டையில் தண்ணீருக்குப் பங்கு உண்டு. 1976-ல் இருநூறாம் ஆண்டு நிறைவுக்கு உலக நாடுகளின் பெரிய பாய்மரக் கப்பல்கள் நியூயார்க் துறைமுகத்துக்குள் வரிசையாக வந்ததும் ஒரு ஜூலை 4-ஆம் தேதிதான்.

நம் பக்கமும் பாருங்கள். சேலத்தில் நாம் பூ வாங்கப் போகிற மார்க்கெட்டுக்கு யார் பேர்? வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியவர். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நெருக்கியது, 1908-ல் அவரைச் சிறைக்கும் அனுப்பிவிட்டார்கள், கப்பலும் கையைவிட்டுப் போனது. சுதந்திரத்துக்காகக் கப்பல் விட்ட மனிதர் நம்மிடம் இருக்கும்போது சுதந்திர தினத்தையும் படகையும் சேர்த்து நினைக்க நமக்கு உரிமை இல்லையா? அந்த மார்க்கெட்டில் மல்லிகை வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்கள் நினைவுக்கு வரும்.

கேள்வி: மேடம், அமெரிக்கா வரைக்கும் போக நமக்குத் தோதில்லை. சேலத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்ப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: இருக்கிறது, ஆலப்புழை. தேசிய விடுமுறை நாளில் நடப்பது இல்லை, ஆனால் சுதந்திர தினத்தை ஒட்டிய மாதம்தான். புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டி. 1952-ல் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவருக்காகச் சுண்டன் வள்ளங்களை, அதாவது நீளமான பாம்புப் படகுகளை, விட்டிருக்கிறார்கள், அவர் உற்சாகம் தாங்காமல் ஜெயித்த நடுபாகம் சுண்டனிலேயே ஏறிவிட்டார். டெல்லி திரும்பியதும் வெள்ளியில் படகு வடிவக் கோப்பை செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதுதான் இன்றைக்கும் சுற்றுக்கோப்பை.

எல்லோரும் போட்டியைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் அதற்கு முன்னால் நடக்கிறதைத் தவறவிடாதீர்கள். சுண்டன் வள்ளங்கள் எல்லாம் சேர்ந்து மெதுவாக அணிவகுத்து, துடுப்புகளை ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுவார்கள். நூறு அடிக்கு மேல் நீளமான படகு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு பேர், பின்பக்கம் பாம்புப் படம் எடுத்த மாதிரி உயர்ந்து நிற்கும். அந்த நூறு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தம் இருக்கிறதே, நெல் அடிக்கிற களத்தில் நிற்கிற மாதிரி மார்புக்குள் கேட்கும். படகோட்டிகள் பாடும் வஞ்சிப்பாட்டின் தாளத்துக்குத்தான் துடுப்பு விழும். போட்டி தொடங்கிவிட்டால் யார் முந்துகிறார்கள் என்பதிலேயே கண் போய்விடும், படகைப் பார்க்க முடியாது.

வழக்கமாக ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்பார்கள், ஆனால் சமீப காலமாக அதை நம்பி டிக்கெட் போட முடிவதில்லை. 2018-ல் வெள்ளத்தால் நவம்பருக்குப் போனது, 2024-ல் வயநாடு நிலச்சரிவின் துயரத்தால் செப்டம்பர் 28-க்குத் தள்ளினார்கள், 2025-ல் ஆகஸ்ட் 30. தேதி உறுதியான பிறகு ரயிலைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஆலப்புழைக்குப் போகிற ரயில் நடுராத்திரிக்கு மேல் சேலத்துக்கு வரும், ஈரோடு, கோவை, பாலக்காடு, எர்ணாகுளம் வழியாகப் போய்ச் சேரும். அன்றைக்கே இறங்கி ஓடுவதைவிட முந்தின நாளே போய்விடுங்கள், ஊரே அடைபட்டுவிடும். டிக்கெட்டையும் முறையான கவுன்டரில் வாங்குங்கள். நான் இடைத்தரகர் ஒருவரிடம் கூடுதல் பணம் கொடுத்து வாங்கி, பந்தல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பாதிப் படகுகளைச் சத்தத்தால் மட்டுமே தெரிந்துகொண்டேன். இன்னமும் அந்தக் கோபம் போகவில்லை.

கேள்வி: செல்போனில் எடுத்தால் படகெல்லாம் எறும்பு மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: படகை விட்டுவிட்டுக் கரையில் நிற்பவர்களை எடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் படம்தான் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஏற்காட்டில் கல்லூரியில் படிக்கிறேன். கோடை விழாவில் எங்கள் ஏரியில் படகுப் போட்டி நடக்கும். ஆகஸ்ட் 15-க்கு நீங்கள் எழுதியது போல ஒரு படகு ஊர்வலம் நடத்தலாமா? படகு முழுவதும் தேசியக் கொடியைப் போர்த்தலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– மாணவி, ஏற்காடு

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையதுதான் அம்மா. நடத்தலாம், ஆனால் கொடியைப் போர்த்துவது மட்டும் கூடவே கூடாது. இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002 இதைப் பளிச்சென்று சொல்கிறது: வாகனம், ரயில், படகு, விமானம் எதன் மேலும், பக்கவாட்டிலும், பின்புறமும் கொடியைப் போர்த்தக் கூடாது. கொடி தரையில் படக்கூடாது, தண்ணீரில் இழுபடவும் கூடாது. படகு விஷயத்தில் எல்லோரும் தவறுவது அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான், பின்பக்கம் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள், துணி நனைந்து ஏரியில் புரளும். அமெரிக்கர்களின் கொடி விதியும் கொடி தண்ணீரைத் தொடக்கூடாது என்றுதான் சொல்கிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். முதலில் போகிற ஒரே ஒரு படகில், நேரான கம்பத்தில், சரியான அளவில் ஒரு கொடி. நீளம் மூன்று பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு, காவி மேலே. பருத்தி, கதர் மட்டுமல்லாமல் பாலியஸ்டரும் 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு அனுமதி, பிளாஸ்டிக் கொடி வேண்டவே வேண்டாம். படகோடு சேர்த்துக் கட்டுவதற்கு முன்னால் ஊர் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற படகுகளுக்குப் பூ போதும். கீழே மார்க்கெட்டில் செண்டுமல்லி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தொடுத்துப் படகின் ஓரத்தில் விட்டால் மழை பெய்தாலும் கெடாது. கலர் பேப்பர் கட்டாதீர்கள், உங்கள் ஊர் ஆகஸ்ட் மாதத்தில் அது அரை மணி நேரம் தாங்காது, சாயம் ஏரியில் இறங்கும்.

நேரத்தை முற்பகலில் வையுங்கள். விடியலில் பனிமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியாது, மத்தியானத்துக்கு மேல் மழை வந்துவிடும். படகு இல்லத்தாரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள், ஆகஸ்ட் பிறந்த பிறகு ஓடினால் நடக்காது, அன்றைக்கு விடுமுறை என்பதால் அவர்களுக்குச் சுற்றுலாக் கூட்டம் வேறு இருக்கும். லைஃப் ஜாக்கெட் போடாத ஒருவரும் ஏறக்கூடாது, வேஷம் போட்டவர்கள் உட்பட. பாரதமாதா வேஷம் போடுகிறவள் புடவைக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட் நன்றாக இல்லை என்பாள், விடாதே. மாசசூசெட்ஸில் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் படகில் எப்போதும் அதைப் போட்டிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அந்தப் பேத்தியும் சுதந்திர தேவி அங்கிக்கு மேல் போட்டுக்கொண்டுதான் நின்றாள்.

இன்னொன்று, துடுப்பு, பெடல் படகு இரண்டும் கலந்து வந்தால் வரிசை நிற்காது, பெடல் படகு பின்தங்கும். அதை முன்னால் விட்டு, துடுப்புப் படகுகளைப் பின்னால் வரச் சொல். நடந்தால் எனக்கு எழுது, பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 78 வயது. ஜவ்வரிசி மில்லிலேயே காலம் போய்விட்டது, இதுவரை கடலே பார்த்ததில்லை. உங்கள் கட்டுரையைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். ஊர்வலமெல்லாம் வேண்டாம், கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது. படகுகள் வருவதைக் கரையிலிருந்து ஒரு தடவை பார்த்தால் போதும். எங்கே போகட்டும்?
– ஒரு தாத்தா, செவ்வாய்ப்பேட்டை

பதில்: பாண்டிச்சேரிக்குப் போங்கள் ஐயா. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர், காரில் நாலு மணி நேரத்துக்குமேல் ஆகும். நடுவில் இரண்டு இடத்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மட்டும் போகாதீர்கள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். மழைக்காலப் புயலும் வேண்டாம். பொங்கல் கழித்துப் போனால் காற்று இதமாக இருக்கும்.

ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம், உட்காரக் கட்டைச் சுவர் நெடுக இருக்கிறது. கிழக்கே பார்த்து உட்காருங்கள். முதலில் வெளிச்சம் வரும், அப்புறம் புள்ளி புள்ளியாகப் படகுகள் தெரியும். கண்ணாடி போட்டிருந்தால் துடைக்க ஒரு துணி கொண்டு போங்கள், உப்புக்காற்றில் பத்து நிமிஷத்தில் மங்கிவிடும். சூரியன் மேலே ஏறிய பிறகு, பக்கத்து மீனவர் குப்பத்துக்குக் காரிலேயே போய், கரையேறிய படகு ஒன்றைக் கிட்டே நின்று பாருங்கள். வலை உதறிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் படகின் பலகையைத் தொட்டுப் பார்க்கலாம், ஒன்றும் சொல்லமாட்டார்கள். பார்த்துவிட்டு வந்து, பேத்தியை விட்டு எனக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.